ஈசாக்கு ஏறின மரம்

கேளுங்க. ஜெர்மன் சண்டை நடந்த காலத்துல நம்ம கானான்விளை இப்படியா இருந்துச்சு? தேரி மணலு, பனை, ஓலை வேய்ஞ்ச ஒரு கோயிலு, அம்புட்டுதானாம். அந்த ஊர்ப் பனையேறியள்ல ரெண்டு பேரு இருந்தாவ. ஒருத்தன் ஈசாக்கு. இன்னொருத்தன் வேதக்கண்ணு.

ரெண்டு பேரு பனைவிளைக்கும் நடுவுல, எல்லையில, ஒத்தைப் பனை ஒண்ணு நின்னுது. அது யாரு மரம்? ஈசாக்கு எங்க மரம்பான். வேதக்கண்ணு எங்க மரம்பான். நட்டவரு கல்லறைக்குள்ள கிடக்காரு, யாருட்ட போய்க் கேக்க? வருசா வருசம் பதனிப் பருவம் தொறக்குத அன்னைக்கு ரெண்டு பேரும் அந்த மரத்துக்கு ஓடுவானுவளாம். முந்தினவன் மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, "நீ நில்லுல, நான் ஏறுதேன்!"னு கத்துவானாம். அந்த வருசத்துப் பதனி அவனுக்கு. தோத்தவன் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான். கோயில்ல உபதேசியார் சமாதானத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணுவாரு. ரெண்டும் நல்லாத் தலையாட்டும். அடுத்த வருசம் மறுபடி ஓடும். மனுசப்பய புத்தி அப்படித்தானே!

இந்த ஈசாக்கு இருக்கானே, கல்யாணம் கட்டலை. அம்மை அன்னபாக்கியம், அவன், ரெண்டே பேருதான். பாடுததுல அவனுக்கு உயிரு. ஆனா கோயில்ல எல்லாரும் பாடி முடிச்சு உக்காந்த பொறவுதான் நம்மாளு பாட்டோட கடைசி அடிக்கு வந்து சேருவானாம். சிரிக்காதிய, அப்படித்தான் சொல்லுதாவ.

வேதக்கண்ணுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம், பிள்ளை இல்ல. அவன் பெஞ்சாதி ஞானப்பூ முழங்கால் தேய ஜெபம் பண்ணி, எட்டாம் வருசம்தான் முழுகாம இருந்தா. அந்த வருசம் பாத்து மழை பொய்ச்சுட்டு. பனை பாளை விடலை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தாவ. வேதக்கண்ணு பேரு கொடுத்தான். ஈசாக்கு கேள்விப்பட்டு, "அவன் என்னைய முந்தவா?"ன்னு அவனும் பேரு கொடுத்துட்டான். அன்னபாக்கியம் மண்ணுல விழுந்து அழுதாளாம்.

கப்பல்ல ஏத்தி ஒரு பாலைவனத்துல கொண்டு எறக்குனாவ. அங்க பூரா பேரீச்ச மரம். ஈசாக்கு ஒரு மரத்தைக் கட்டிக்கிட்டு, "வே, இது நம்ம பனைக்குச் சித்தப்பா மவன்வே!"ன்னானாம். அன்னைக்குத்தான் வேதக்கண்ணு அவனைப் பாத்து மொத மொத சிரிச்சான்.

ஒரு நா ஊர்ல இருந்து காயிதம் வந்துது. வேதக்கண்ணுக்கு எழுத்து தெரியாது. ஈசாக்குதான் வாசிச்சான். "பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. அவ அப்பா வந்துதான் பேரு வைக்கணும்." வேதக்கண்ணு, "இன்னொரு தரம் வாசில"ன்னான். வாசிச்சான். "இன்னொரு தரம்." ஏழு தரம் வாசிச்சானாம்!

மறுநா மத்தியானம் ஒரு ஆத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தாவ. அக்கரையில எதிரி. இக்கரையில, மரத்துக்கு மரம் கட்டுன, சேதி சொல்லுத பேச்சுக்கம்பி ஒரு ஒசந்த மரத்து உச்சியில அறுந்து தொங்குது. கம்பியை இழுத்துக் கட்டுனாத்தான் முன்னால போய் மாட்டிக்கிட்ட நம்ம ஆளுவளுக்கு உதவி கூப்பிட முடியும். நூறு பேரு உசுரு அந்தக் கம்பியில. அவில்தார் கேட்டாரு, "மரம் ஏறத் தெரிஞ்சவன் யாருடா?"

வாய் பழக்கம் பாருங்க! எல்லைப்பனைக்கு ஓடுத மாதிரியே வேதக்கண்ணு முந்திக்கிட்டான். "நான் ஏறுதேன்!" பொறவுதான் அவில்தார் சொல்லுதாரு, "காலையில ஏறின ரெண்டு பேரையும் அக்கரையில இருந்து சுட்டுட்டான்."

வேதக்கண்ணு சட்டையைத் தடவிப் பாத்தான். பையில காயிதம் இருக்கு. கயித்துல ஒரு தளைநார் பண்ணி, மரம் ஏற காலுக்கு மாட்டுதான், மாட்டுதான், மாட்ட முடியலை. ஈசாக்கு வந்து கீழ குத்தவச்சு, அவன் கால்ல இருந்து அந்த நாரை மெள்ள உருவுனான்.

"நீ நில்லு. நான் ஏறுதேன்."

"லேய், நான்லா ஏறுதேன்னு சொன்னேன்!"

"போன பருவம் எல்லைப்பனையில நீதானல முந்துன? இந்த மரத்தை எனக்கு விடு. அங்க ஒரு பிள்ளை பேரில்லாம கிடக்கு."

ஏறிட்டான். பாடிக்கிட்டே ஏறுனானாம். உச்சிக்குப் போயி கம்பியை முறுக்கிக் கட்டிட்டு, "ஆச்சுல!"ன்னு ஒரு குரல் கொடுத்தான். பாடிக்கிட்டே பாதி மரம் எறங்கி வந்தான். அங்கன வச்சுச் சுட்டான் பாவி. அன்னைக்கு மட்டும் அவன் பாட்டோட கடைசி அடிக்கு வந்து சேரலை.

வேதக்கண்ணு ஓடிப்போய் மடியில தாங்குனான். ஈசாக்கு சொன்னானாம், "எல்லைப்பனை உனக்குத்தான்ல. எங்க அம்மை மரத்துக்கு மட்டும் ஏற ஆளில்ல, பாத்துக்கோ." அவ்வளவுதான். கம்பி பேசுச்சு, உதவி வந்துது, நூறு பேரும் பிழைச்சாவ.

சண்டை முடிஞ்சு வேதக்கண்ணு ஊருக்கு வந்தான். தன் வீட்டுக்குப் போகலை. நேரே அன்னபாக்கியம் வீட்டு வாசல்ல போய் விழுந்து எல்லாத்தையும் சொன்னான். அவ அவனை எழுப்பி உக்கார வச்சாளாம். பொறவு சொன்னா, "வேதத்துல, அப்பன் பலி குடுக்கப் போன ஈசாக்குக்குப் பதிலா ஆட்டுக்கடா வந்துது. என் ஈசாக்கு அந்த ஆட்டுக்கடாவாப் போயிட்டானே ஐயா! போ, அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு வா, நான் பாக்கணும்." பிள்ளையை மடியில வாங்கி, அவதான் நேசம்மாள்னு பேரு வச்சா.

அடுத்த பருவம் தொறந்துது. வேதக்கண்ணு மொத ஏத்தத்துக்கு அன்னபாக்கியம் மரத்தடியில போய் நின்னு, "நீ நில்லும்மா, நான் ஏறுதேன்"னான். அவ மரம் அத்தனையும் ஏறி முடிக்கதுக்குள்ள அவன் மரத்துல பாளை முத்திப் பதனி போயிரும்லா? அதைப் பாத்துப் பக்கத்து விளைக்காரன் வந்து வேதக்கண்ணு மரத்துல ஏறுனான். அவன் மரத்துல அடுத்தவன் ஏறுனான். அப்படியே ஊரு சுத்திட்டு.

அதனாலதான் இன்னைக்கும் கானான்விளையில மொத ஏத்தத்துக்கு எவனும் தன் மரத்துல ஏறமாட்டான். நாளைக்குப் பருவம் தொறக்குது. உங்க மரத்துக்கும் ஒருத்தன் வந்து நின்னு, "நீ நில்லு, நான் ஏறுதேன்"ம்பான். மறுத்துப் பேசாதிய. தள்ளி நின்னு வழி விடுங்க. அது ஈசாக்கு வார்த்தை.