ஒட்டுப் போட்ட படகு

பெங்களூரு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், சார். ஆனாலும் சில சாமான்கள் தேன்கனிக்கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் ஆளுக்கு நரை விழுந்துவிடும். படகு ஒட்டுகிற பசையும் அப்படித்தான்.

காற்றடித்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு அது. ஏரியில் வலை போட அண்ணன் மாதேஸ்வரன் வாங்கியது. அடிப்பக்கம் காற்று கசிந்தது. பசை கேட்டு ஓசூர் வரை கடைகடையாக அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். சோப்பு நுரை பூசிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் வெயில் ஏறியதும் ஒட்டு ஓரத்தில் உரிந்து வந்தது. கட்டைவிரலால் அழுத்தி, வெளியே தெரியாமல் சேறு பூசினேன்.

அந்த வாரம்தான் அண்ணன் எங்கள் கேழ்வரகுக் கொல்லையைக் கம்பெனிக்கு விற்க ஒத்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் பேருக்கே எழுதிவைத்த நிலம். அவரைக் குறை சொல்லமாட்டேன். யானை மிதித்தது போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு. வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"யானைக்கு வெதைச்சது போதும்டா. நீயும் ஏதாச்சும் கம்பெனி வேலைக்குப் போ" என்றார்.

எனக்கு அந்தக் கொல்லையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

சாயங்காலம், படகு சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். அவருக்கு நீச்சல் தெரியாது. அன்றைக்குப் பார்த்து அண்ணி சுஜாதாவும் கரைக்கு வந்திருந்தார்.

"ரெண்டு பேரு ஏறலாமா தம்பி?"

கொஞ்சம் யோசித்தேன். அண்ணன் இல்லாவிட்டால் நிலம் அண்ணி கைக்குப் போகும். விற்கச் சம்மதித்தவர்தான் அவரும்.

"ஏறுங்க அண்ணி."

வழுக்கி விழாமல் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

ஏரி நடுவில் படகு மடங்கியது. அண்ணன் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் நன்றாக நீந்துவேன். சத்தம் அடங்கும்வரை கரையிலேயே நின்றேன். பிறகு ஊருக்குள் ஓடி ஆட்களைக் கூட்டிவந்ததும் நான்தான்.

நான் இங்கே ஸ்டேஷனில் இருப்பதால் காவலுக்கு ஆளில்லாமல் கொல்லையில் யானை இறங்கிவிட்டதாம். நின்ற பயிரும் போயிற்று.

தெரிந்தேதான் செய்தேன், உங்களிடம் மறைக்கவில்லை. அவர்கள் மகள் மேகலா சாப்பிடாமல் கிடக்கிறாளாம். சித்தப்பாவை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்? என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது, சார்.