முப்பத்தொன்றாம் பக்கம்

கம்ப்யூட்டரோடு வருகிற கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன், ஐயா. பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

என் பெயர் தருமலிங்கம். ஊர் திருப்பாலைவனம். பழவேற்காட்டில் மீனவர் சங்கத்தில் எழுத்தர். எண்பத்தேழில் ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தது, பாடு பிரிப்பதற்காக. பாடு என்றால் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடுவது என்கிற முறை. அதுவரை சீட்டுக் குலுக்கித்தான் நடந்து வந்தது. மெஷினுக்குப் புரோகிராம் எழுதிய மெட்ராஸ்காரன் கூடவே இருநூறு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு கையேடும் எழுதியிருந்தான். ஏரியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டான். அவன் சொன்னபடி முதல் மாதம் பாடு பிரித்தோம். ஒரே இடத்துக்கு ஒரே நாளில் நான்கு தோணி போய் நின்றது. மூன்று மண்டை உடைந்தது. குற்றம் மெஷினுடையது அல்ல. முக்கியமான இடத்தில் “தேவையானதைச் செய்யவும்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தான். இப்படி எழுதுகிறவனை என்ன செய்தால் தகும், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே தமிழில் நானே ஒன்று எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் செய்து, என் கண்ணால் பார்க்காத எதுவும் கையேட்டில் ஏறாது. “சுவிட்சைப் போடவும்” என்று எழுதுவதற்கு முன் பதினொரு தடவை போட்டுப் பார்த்தேன். பத்துத் தடவை திரையில் வெளிச்சம் வந்தது. “கரண்ட் இருந்தால்” என்று சேர்த்துக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் எல்லாப் பக்கமும் முடிந்தது, முப்பத்தொன்றைத் தவிர. உறுப்பினர் இறந்தால் அவர் முறையை வாரிசு பெயருக்கு மாற்றுவது எப்படி என்கிற பக்கம். யாராவது செத்தால்தானே செய்து பார்க்க முடியும்? பொய்யாகப் பதியலாமே என்பீர்கள். மெஷின் இறப்புச் சான்றிதழ் எண் கேட்கும். பொய்க் கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

காத்திருந்தேன். அந்த வருஷம் பார்த்து உறுப்பினர்களில் ஒரு சாவு விழவில்லை. எல்லப்பன் என்பவரை மஞ்சள் காமாலை என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு மூன்று தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நான்காம் தடவை அவர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

கார்த்திகையில் ஒரு காலை புயல் எச்சரிக்கை போனில் வந்தது. அதைச் சங்கத்துக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. அன்று முகத்துவாரத்தில் எட்டுப் பேருக்குப் பாடு. ஏழு பேர் வீட்டுக்கு நானே சைக்கிளில் போய், போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கொடுமைக்காரன் அல்ல. ஒரு பக்கத்துக்கு ஒருவர் போதும்.

எட்டாமவர் பச்சைமுத்து. அறுபது வயது, தனியாகத் தோணி தள்ளுகிறவர். பிள்ளை குட்டி இல்லை, மனைவி லோகநாயகி ஒருத்திதான் வாரிசு. முதல் உதாரணம் எப்போதும் எளிமையாக இருக்க வேண்டும்.

அவரே சங்கத்துக்கு வந்தார். வானத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

“இன்னா தருமலிங்கம், காத்து ஒரு மாதிரியா கீது. போர்டுல ஒண்ணியும் காணமே.”

“எழுதினாத்தானேண்ணா இருக்கும்,” என்றேன். அது உண்மைதானே.

“அப்ப போலாம். இந்த முறைய உட்டா இன்னும் ரெண்டு மாசம் ஆவும். நீ எழுதறதுதான் நைனா எங்களுக்குக் கண்ணு.”

இத்தனை வருஷத்தில் என் எழுத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. சாக்பீஸை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. சான்றிதழுக்கு நானே அலைந்தேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என் வாக்குமூலத்தில் ‘பலகையில் எழுத மறந்துவிட்டார்’ என்று போட்டிருக்கிறார். அது பிழை, திருத்திக்கொள்ளுங்கள். எழுதவில்லை. போனால் திரும்பமாட்டார் என்று தெரிந்தேதான் எழுதவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் லோகநாயகியை வரவழைத்தேன். மெஷின் முன்னால் உட்காரவைத்து, பென்சிலில் எழுதியிருந்த பக்கத்தை எடுத்து வைத்தேன்.

“எனக்கு இன்னா சார் தெரியும், மூணாங் கிளாசு.”

“அது போதும்மா. எழுத்துக் கூட்டிப் படிங்க. படிச்சபடி அமுக்குங்க.”

ஒரு விரலால் அமுக்கினார். நான்கு நிமிஷம். என்னிடம் ஒரு சந்தேகம் கேட்கவில்லை. பச்சைமுத்துவின் பெயர் திரையிலிருந்து போயிற்று, அந்த இடத்தில் மனைவியின் பெயர் வந்தது. லோகநாயகி அந்தத் தாளின் மேலேயே தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். நான் தடுக்கவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதிய ஒன்றை அவர் அதற்கு முன் படித்திருக்கமாட்டார்.