மாமியார் முகத்துக்கு ஒரு லென்ஸ்

செக்கண்டி: இன்னும் பின்னாடியா? பின்னாடி பலாமரம்டி. மரத்துக்குள்ளயே போகவா?

நசாலி: போங்க. மருமகன் நிக்கிற பக்கம் அம்மா எப்படித் திரும்புவாங்க? நம்ம புகாண்டா சனத்துல எந்த மாமியாராவது மருமகன் கண்ணுக்கு நேரா நிப்பாளா?

செக்கண்டி: அதுக்குத்தானே இதை வாங்கினேன்! பாரு... கேமரா மூக்குல இந்தக் குழாய். அதுமேல இந்த லென்ஸைத் திருகிட்டா போதும். அத்தை முற்றத்துக்கு அந்தப் பக்கம், சமையக்கட்டு வாசல்லயே நிக்கட்டும். படத்துல என் மடியில வந்து...

நசாலி: அய்யோ, வாயைக் கழுவுங்க!

செக்கண்டி: ...பக்கத்துல வந்துடுவாங்கன்னு சொல்ல வந்தேன்.

நசாலி: மசாகாவுல இருக்கிற அத்தனை பேரையும் படம் எடுத்தாச்சு. எங்கம்மாவோட படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. நாளைக்கு அண்ணன் அவங்களை வடக்கே குலுவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். அவ்வளவு தூரம்... அப்புறம் எப்பப் பாக்கறதோ.

செக்கண்டி: அழாதே, எடுத்துடலாம். ...அட, என்ன இது?

நசாலி: என்ன?

செக்கண்டி: சுத்தி ஒரே கறுப்பு. கிணத்துக்குள்ள இருந்து பாக்கற மாதிரி இருக்கு... இரு, ஜூமை முழுசா நீட்டணும்னு கடைக்காரர் சொன்னார். ஆங், சரியாயிடுச்சு! அத்தை வந்துட்டாங்க! நசாலி, அப்படியே உன் மூக்கு!

நசாலி: மூக்கை விட்டுட்டுப் படத்தை எடுங்க.

செக்கண்டி: ...நசாலி.

நசாலி: ம்?

செக்கண்டி: நடுங்குதுடி.

நசாலி: எது?

செக்கண்டி: எல்லாம். அத்தை, வாசல், அடுப்புப் புகை... என் கை!

நசாலி: ஒபுகோ! மாமியாரைத் தொட்டவனுக்கு வர்ற நடுக்கம்! உங்க பெரியப்பா வாழைப்பழக் கள்ளைக்கூட ரெண்டு கையால பிடிச்சுக் குடிப்பாரே, அதேதான்!

செக்கண்டி: நான் எங்கடி தொட்டேன்? ஒரே கூரைக்குக் கீழகூட நின்னதில்லையே!

நசாலி: மூக்கு வரைக்கும் போய்ப் பாத்தீங்களே! குடுங்க இப்படி... அய்யய்யோ.

செக்கண்டி: என்ன?

நசாலி: எனக்கும் ஆடுது.

செக்கண்டி: உனக்குமா? பெத்த பொண்ணுக்கு எப்படி ஒபுகோ வரும்?

நசாலி: அதைத்தான் நானும்...

செக்கண்டி: ...ஓ.

நசாலி: என்ன ஓ?

செக்கண்டி: தூரத்துல இருக்கறதைப் பெருசாக் காட்டற லென்ஸ், நம்ம கை ஆடறதையும் சேத்துப் பெருசாக் காட்டுது. கேமராவை இந்தக் கிளைமேல வெச்சா... பாரு, நின்னுடுச்சு.

நசாலி: பெரிய போட்டோகிராபர்!

செக்கண்டி: வெளியில சொல்லிடாதடி, மானம் போயிடும்.

நசாலி: ஊருக்குச் சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட மட்டும். ...அம்மா! முகத்தை மூடாதீங்க! கையை எடுங்க! அவர் ரொம்பத் தள்ளித்தான் நிக்கிறார்!

செக்கண்டி: அப்படியே... அப்படியே... ஆச்சு! சிரிச்சுட்டாங்க!

நசாலி: காட்டுங்க. ...அம்மா.

செக்கண்டி: நல்லா இருக்கா?

நசாலி: ரொம்ப. இந்தப் படம் எனக்கு. கேமராவைக் குடுங்க, நான் அங்க போறேன். நீங்க வெயிலுக்கு வாங்க.

செக்கண்டி: வெயில்ல எனக்கென்ன வேலை? லென்ஸைக் கழட்டிட்டுக் கொண்டு போ, கனம்.

நசாலி: கழட்டாதீங்க! தொப்பியை எடுங்க. சட்டைக் காலரைச் சரி பண்ணுங்க.

செக்கண்டி: படம்தான் எடுத்தாச்சே... இப்ப எதுக்கு இதெல்லாம்?

நசாலி: படம் கேட்டது நான்தாங்க. அம்மா வேண்டாம்னாங்க. "எனக்கெதுக்குடி படம்? என் பொண்ணை நல்லா வெச்சிருக்கிறவன் முகத்தை, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கிட்டத்துல பாக்கணும். அந்தக் குழாயோட கேமராவைக் கொண்டு வா"ன்னாங்க. தலையைக் குனியாம நில்லுங்க.