பூசையறை வெல்லம்

அரைத்த இட்லி மாவை மூடி வைத்தால் மறுநாள் காலையில் அது பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அதைக் கண்டு எந்த வீட்டிலும் யாரும் அஞ்சுவதில்லை. நானும் அறுபத்து மூன்று வயது வரை அஞ்சியதில்லை.

முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். எதையும் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். எழுதிக்கொள்ளும் காவலர் மெதுவாகவே எழுதட்டும். பிழை நேர்ந்தால் கையெழுத்திடும் முன் திருத்தித் தருகிறேன்.

என் பெயர் ராஜாங்கம். ஊர் நைனார்பாளையம். இறந்தவள் என் மனைவி செந்தமிழ்ச்செல்வி. அவளுக்கு ஐந்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் ஒவ்வொரு மாத்திரை. அதில் நலமாகவே இருந்தாள். சென்ற ஐப்பசியில் அவளுக்கு வயிறு உப்பத் தொடங்கியது. ஏப்பம், களைப்பு, நாக்கில் வெண்படலம். கைபேசியில் ஒருவர் பேசிய காணொளியில் இவையெல்லாம் வரிசை மாறாமல் வந்தன. குடலில் பூஞ்சை பெருகிவிட்டது என்றார் அவர். இனிப்பும் அரிசியும் புளித்த பண்டங்களும் அதற்கு உணவு. அவற்றை நிறுத்தினால் அது பட்டினியால் மடியும் என்றார்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனையையும் சொன்னார். விடியலில் வாய் கொப்பளிக்கும் முன் கண்ணாடித் தம்ளர் நீரில் உமிழ வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எச்சிலிலிருந்து நூல் நூலாகக் கீழே இறங்கினால் பூஞ்சை உண்டு. அவள் உமிழ்ந்தாள். இறங்கியது.

அன்றே இட்லியை நிறுத்தினேன். அடுத்துப் பழைய சோறு, தயிர், வாழைப்பழம், கடைசியில் சோற்றையும் நிறுத்தினேன். விடியலில் கல்வராயன் மலைக் கடுக்காயைப் பொடித்து வெந்நீரில் கொடுத்தேன். பச்சைப் பூண்டு இரண்டு பல், தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, காணொளிக்காரரிடமிருந்து கூரியரில் வந்த மாத்திரை நான்கு. நண்பகலில் அவித்த சுரைக்காய். உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாக எண்ணி வளர்ந்தவன் நான். அங்கே வேண்டாதது குடியேறினால் துப்புரவு செய்வது வழிபாடுதானே. ஒவ்வொரு வேளையும் ஒரு பதிகம் பாடி முடித்த பிறகே கரண்டியை நீட்டினேன். அதுவரை அவள் காத்திருக்க வேண்டும்.

அவள் வாய்த்துடுக்கு ஊரறிந்தது. நான் பாடத் தொடங்கினால் அடுக்களையிலிருந்து ஏதாவது சொல்வாள். முதல் வாரத்திலும் சொன்னாள்.

"வாத்தியாரே, பூஞ்ச சாவுதோ இல்லியோ, பதினோரு பாட்டையும் கேட்டுக்கினு நிக்கிற நான் செத்துடுவேன் போலருக்குது."

கார்த்திகை பிறந்ததும் அவள் அப்படிப் பேசுவதை விட்டுவிட்டாள். வீடு அமைதியாயிற்று. என் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதை முதன்முறையாகக் கேட்டேன்.

சர்க்கரை மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை. மருத்துவர் தவறவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். உறையின் மேல் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று அவர் கைப்பட எழுதியிருந்ததும் உண்மைதான். சுரைக்காயும் சாப்பாடுதான் என்று கொண்டேன்.

மார்கழியில் அவளுக்கு வியர்த்தது, கை நடுங்கியது, சில வேளைகளில் பேச்சுக் குழறியது. மடியும் பூஞ்சை நஞ்சைக் கக்கும், நோயாளி துன்புறுவது குணமாவதன் அடையாளம் என்று அந்தக் காணொளிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே அவள் துன்பம் எனக்கு நற்செய்தியாக இருந்தது.

ஒரு நாள் குழாயடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அமீனுல்லாவின் மனைவி ரஜியா ஓடி வந்து ஒரு பிடி சீனியை அவள் வாயில் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முகம் தெளிந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

"சக்கர கொறஞ்சி போச்சு சார்," என்றார் ரஜியா. "எனக்கும் இருக்குது, எனக்குத் தெரியும். சோறு குடுக்காம மாத்திர குடுத்தா ஆளே போயிடும். இனிமே இப்டி ஆச்சுன்னா மொதல்ல எதுனா இனிப்பா வாயில போடுங்க."

நான் முறையாக நன்றி சொன்னேன். அரிசியும் சீனியும் இருந்த அலமாரியை முன்பே பூட்டியிருந்தேன். அன்று முதல் முன்கதவையும் பூட்டிவைத்தேன். புகார் கொடுத்தவர் அவர்தான் என்று அறிகிறேன். எனக்கு வருத்தமில்லை, அவர் கூறியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இனி தை மாதம். எங்கள் கரும்புக் காட்டைக் குத்தகைக்கு உழும் வீரமுத்து, ஆண்டுதோறும் கொப்பரையிலிருந்து இறக்கிய முதல் வெல்லத்தை உருண்டையாகப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவான். அது சாமி முன் வைக்கப்படும். பிறகு வீட்டுக்காரி எடுத்துப் பொங்கல் வைப்பாள். இவ்வாண்டும் கொண்டுவந்தான். சூடு ஆறாத வெல்லம், வீடெங்கும் மணந்தது. வாங்கிச் சாமி முன் வைத்தேன். பூசையறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சாமி மட்டும் திங்கலாமா?" என்றாள் அவள். "அதுக்குப் பூஞ்ச வராதா?" இரண்டு மாதத்துக்குப் பின் அவள் சொன்ன வேடிக்கை அது. நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். முந்திய நாள் சுரைக்காயையும் அவள் உண்ணவில்லை. எட்டரை மணிக்கு நான் கூடத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து தவழ்ந்து வந்தாள். சேலை வியர்வையில் நனைந்திருந்தது. என்னைக் கடந்து பூசையறைக் கதவருகே சென்றாள்.

"தொறங்க," என்றாள். "ஒரு துண்டு போதுங்க. கண்ணு தெரியலீங்க."

கதவில் கையை வைத்தபடியே கிடந்தாள். அப்படியே அவளைக் கண்டதாகத்தான் ஊராரிடம் சொன்னேன். இறைவனின் காலடியைத் தேடித் தவழ்ந்து போன புண்ணியவதி என்று பெண்கள் அழுதார்கள். நான் மறுக்கவில்லை. கருமாதிப் பத்திரிகைக்கு அந்தக் கருத்தை வைத்து ஒரு வெண்பாவும் எழுதினேன். தளை தட்டாமல் அமைந்தது.

அந்தத் தம்ளர் சோதனையை நம்பினீர்களா என்று கேட்டீர்கள். முதல் நாள் அவள் உமிழ்ந்த பிறகு வேறொரு தம்ளரில் நானும் உமிழ்ந்தேன். எனக்கு எந்த நோயும் இல்லை. அவளுடையதைவிட நீளமாக நூல் இறங்கியது. நீரைச் செம்பருத்தியின் வேரில் ஊற்றிவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தேன்.

பிறகு ஏன் தொடர்ந்தேன் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். விடியல்தோறும் அவள் தம்ளரை ஏந்திக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்து நிற்பாள். முப்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் என் ஒரு சொல்லுக்காக அவள் அதற்கு முன் நின்றதில்லை.

அன்று எழுந்து கதவைத் திறக்க ஒரு நொடி போதும். ஆனால் பதிகத்தை நடுவில் நிறுத்தும் வழக்கம் எனக்கில்லை. ஏழாம் பாடலில் அவள் கை கதவிலிருந்து நழுவியது. எஞ்சிய நான்கையும் இசை பிசகாமல் பாடி முடித்த பிறகே எழுந்தேன்.