மியோ எந்தப் பக்கம் போனாள்?

— நிறுத்துங்க அண்ணி. இங்க பாருங்க, ஒரு இழை தள்ளிப் பிணைச்சிருக்கீங்க.

— எங்கடி?

— இந்தக் கரைப்பக்கத்துலேந்து. புதுப் பாவு இழையைப் பழைய பாவுல அடுத்த இழையோட முடிஞ்சிட்டீங்க. அதுக்கப்புறம் பிணைச்சது மொத்தமும் ஒண்ணு தள்ளிப் போச்சு. அவுக்கணும்.

— சிவனே! போன வாரப் படக்கதையில முரடன் ஆத்துல குதிச்சான் பாரு, அதையே நெனைச்சிக்கினு இருந்துட்டேன்.

— அவன் பேரு தாரோ.

— ஜப்பான்காரன் வெச்ச பேரு எனக்கெதுக்கு? எனக்கு அவன் முரடன், இன்னொருத்தன் அமுக்குணி. மியோன்ற பேரு மட்டும் பூனையைக் கூப்பிடற மாரி நல்லா இருக்குது. கை மரத்துப் போச்சும்மா. இந்த வாரத்துக் கதையைப் படியேன், கண்ணை மூடிக்கினு கேக்கறேன்.

— சாயங்காலம் தறி ஓடணும்னு தறிக்கார வீரபாகு மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னும் ஆயிரத்துச் சொச்சம் இழை இருக்குது.

— ஓடும், ஓடும். நான் மனுஷிதானே?

— கத்திச் சண்டைன்னா அவ்ளோ இஷ்டமா உங்களுக்கு?

— சண்டை யாருக்குடி வேணும்? மழையில பாழுங்கோயில்ல ஒதுங்கி, மூணு பேரும் ஒரே சோத்து உருண்டையைப் பிச்சித் தின்னாங்களே, அது. முரடன் பெரிய துண்டா எடுத்துக்கினு, அப்புறம் பாதியை மியோ கையில வெச்சிட்டு வேற பக்கம் பாத்தான் பாரு! வரைஞ்சவன் கையைப் புடிச்சிக் கும்புடலாம். அந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கும் ஆவவே ஆவாது. ஆனா ஒருத்தன் நொண்டினா இன்னொருத்தன் நடையைக் கொறைச்சிக்கறான்.

— ம்.

— ட்ரெயினிங் ஸ்கூல்ல எடம் குடுத்து வந்த காயிதத்துக்கு இன்னா பதில் போட்ட?

— போடல.

— டீச்சர் வேலைடி, தேவகி.

— மெட்ராஸ்ல ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருக்கணும் அண்ணி. அண்ணன் செத்ததிலேந்து நாம ஜோடியா வீடு வீடாப் போயிப் பிணைச்சித்தான் அடுப்பு எரியுது. நீங்க ஒண்டியா உக்காந்தா ரெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் தறியை எவங்க சும்மா போட்டு வெப்பாங்க? உங்களை ‘ஏ தையலு, நீ இனிமே வராத’ன்னுடுவாங்க.

— சரி, படி.

— படிக்கறேன். ‘ஊர் எல்லையில் பாதை மூன்றாகப் பிரிந்தது. மியோ நின்றாள். இனி நான் தனியாகப் போக வேண்டும் என்றாள்.’

— அய்யோ. இத்தினி தூரம் வந்துட்டா?

— ‘அவள் கால்கள் நகரவில்லை. இவர்களை விட்டுப் போவது பாவமோ என்று நினைத்தாள்.’

— முரடன் இன்னா சொன்னான்?

— ஒண்ணும் சொல்லல.

— கோவமா இருக்கானா?

— தெரியல அண்ணி. இருப்பானா?

— என்னைக் கேட்டா? புக்கு உன் கையிலதானே இருக்குது.

— கோவந்தான் போல. தன் வாய்ச் சோத்தைக் குடுத்து இவ்ளோ தூரம் கூட்டியாந்தவனை விட்டுட்டுப் போறாளே. மொகத்தைப் பாத்துச் சொல்லக்கூட அவளுக்கு தைரியம் இல்ல.

— அழுவாத.

— யாரு அழுவுறா? கண்ணுல தூசி.

— காத்தால நீ தண்ணிக்குப் போனப்போ எனக்குப் பொறுக்கல, பையிலேந்து எடுத்துப் பொரட்டிட்டேன்.

— எதை?

— எனக்கு எழுத்துதானே தெரியாது, படம் தெரியுமே. அந்தப் புக்குல பாதையும் இல்ல, பிரியறதும் இல்ல. மூணு பேரும் ஒரே படகுல உக்காந்து மீன் சுட்டுத் தின்றாங்க... என்னிக்குடி கெளம்பணும் நீ?