மாப்பிள்ளையின் சீட் சூடான விதம்

மதிப்பிற்குரிய ஜெயராஜ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: தங்கள் மருமகன் குகனின் மின்சார மோட்டார் சைக்கிள் கல்யாண ஊர்வலத்தில் சூடானது தொடர்பாக.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு மதியம் நாம் சேர்ந்து சாப்பிட்ட பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ரசம் நன்றாக இருந்தது. இந்தக் கடிதத்தில் பிறகு நல்ல செய்தி அதிகம் வராது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மேசையில் இருந்தவர்களையும் அவரவர் உட்கார்ந்த இடத்தையும் எழுதுவது முறை. சுவரோரமாக நடுவில் தாங்கள். தங்களுக்கு வலப்பக்கம் தங்கள் துணைவியார் சீதாலெட்சுமி அம்மா, இடப்பக்கம் மணப்பெண் விஷ்ணுப்ரியா. எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, குகன். அவர் பக்கத்தில் கிள்ளானில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் நாகையா அண்ணன். அடுத்து, கல்யாணத்துக்குப் பூ வேலையை எடுத்திருந்த பூக்கடை குமுதா. மேசைக் கோடியில், கை கழுவப் போகும் வழியில், நான். கை கழுவி வருகிறவர்கள் எல்லாம் என் தோளைத் தொட்டு "எஸ்கியூஸ் மீ" சொல்லும் இடம். சட்டை நனைந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

என்னைத் தங்களுக்கு நினைவிருக்காது. நான் சுகுமாறன். தாப்பாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். நாகையா அண்ணனின் பட்டறையில் ஸ்பானர் பிடிப்பது அவர், கடிதம் எழுதுவது நான். மோட்டார் பெட்டியோடு வரும் குறிப்புத்தாளைப் படித்துச் சொல்வதும், கெட்டுப்போன சாமானைத் திருப்பி அனுப்பி எழுதுவதும் என் பொறுப்பு. பதினோரு வருடமாக அவருடன் இருப்பதால் ஸ்பானரும் கொஞ்சம் பிடிக்க வரும். அது பின்னால் தேவைப்படும்.

கல்யாணத்துக்கு மறுநாள் தாங்கள் நாகையா அண்ணனுக்கு அனுப்பிய செய்தியை நானும் பார்த்தேன். "என் மருமகன் உட்கார முடியாம நிக்கிறான். எப்படி நடந்துச்சுன்னு எழுத்துல வேணும்" என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து அவர் ஸ்பானரைத் தொடவில்லை. பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். "காத்து வர்ற இடம் பார்த்துத்தானே கன்ட்ரோலர மாட்டினேன் சுகு. சூடு எப்படி மேல ஏறுச்சு? என் கைக்கே மறந்துபோச்சு போல. இனிமே லோரி ஓட்டப் போறேன்" என்கிறார். பிறகு என்னைப் பார்த்து, "நீயே எழுதிரு. தப்பு என்னோடதுதான்னு எழுது. நல்ல தமிழ்ல எழுது" என்றார்.

நல்ல தமிழில் எழுதுகிறேன். ஆனால் தப்பு அவருடையது அல்ல.

அந்தச் சாப்பாட்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வண்டி பிடிக்கலாம் என்று தாங்கள் சொன்னீர்கள். குகன் சிரித்துவிட்டு, "வேணாம் மாமா. என் பைக்குலயே வரேன். புகை இல்ல, சத்தம் இல்ல, முக்கியமா சாணி இல்ல" என்றார். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் வைத்த வண்டி அது. அதைச் செய்து கொடுத்தது எங்கள் பட்டறை என்பதால்தான் நாங்கள் அந்த மேசையில் இருந்தோம். குகன் எங்களைத் தங்களுக்கு வரிசையாக அறிமுகம் செய்தார்.

"மாமா, இவர்தான் நாகையா அண்ணே. இது குமுதா அக்கா. அது சுகுமாறன் அங்கிள்."

நாகையா அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. எனக்கு நாற்பத்து மூன்று. அவர் தலை முழுக்க நரை. என் தலையில் நரை கிடையாது. நரைப்பதற்கு முடியும் அதிகம் கிடையாது என்பது வேறு விஷயம். குமுதாவோ என்னைவிட ஒரு வயது மூத்தவர்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் யார் யாரை வேண்டுமானாலும் அங்கிள் என்பார்கள். பாசாரில் மீன்காரர் சொல்கிறார், பெட்ரோல் நிலையத்தில் சொல்கிறார்கள். மரியாதைக்குரிய சொல். பிறகு விஷ்ணுப்ரியா, "அங்கிள், ரசம் ஊத்தவா?" என்று கேட்டார். ரசம் நன்றாக இருந்தது என்று முன்பே எழுதினேன். குமுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "அங்கிள், கொஞ்சம் நகருங்க, என் முட்டி இடிக்குது" என்றார். அதுவரை அவர் என்னைச் சுகு என்றுதான் கூப்பிடுவார். கடைசியாக, அறுபதைத் தாண்டிய தாங்கள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அங்கிளுக்கு அப்பளம் வைங்க" என்றீர்கள். அப்பளம் வைத்தார்கள். சாப்பிட்டேன். இத்துடன் அந்த விஷயத்தை முடித்துக்கொள்கிறேன்.

இனிக் கன்ட்ரோலர். அது சோப்புப் பெட்டி அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். முடிவு செய்கிற எவருக்கும் சூடு ஏறும், அதற்கும் ஏறும். அந்தச் சூடு வெளியேறத்தான் அதன் முதுகில் சீப்புப் பல் போல வரிகள் இருக்கின்றன. நாகையா அண்ணன் அதை வண்டியின் முன் சட்டத்தில், காற்று நேராக மோதும் இடத்தில் மாட்டியிருந்தார். அடியில் ஒரு கனமான அலுமினியத் தகடு. தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையை மெலிதாகப் பூசியிருந்தார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வயர்கள் கீழே பார்த்திருந்தன. அதைவிட ஒழுங்காக ஒரு மனிதனால் மாட்ட முடியாது. இதைத் தாங்கள் எழுத்தில் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை நாகையா அண்ணன் சாமான் வாங்க ஸ்ரீ கெம்பாங்கான் போயிருந்தார். வண்டி பட்டறையில் இருந்தது. அதைப் பார்த்தபோது சில திருத்தங்கள் செய்யலாம் என்று தோன்றியது.

முதலாவது, மழை. கிள்ளானில் எப்போது மழை வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கன்ட்ரோலரைச் சட்டத்திலிருந்து கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்தேன். அங்கே மழை படாது. காற்றும் படாது, ஆனால் எல்லா வசதியும் ஒரே இடத்தில் கிடைக்காது.

வெள்ளைப் பசை கையெல்லாம் ஒட்டியது. கல்யாண வண்டியில் அழுக்கு கூடாது என்று சுத்தமாகத் துடைத்தேன். அலுமினியத் தகடு அந்த இடத்தில் அடங்கவில்லை, அதை விட்டுவிட்டேன். குலுங்கி அடிபடக்கூடாது என்பதற்காகப் பெட்டியின் நான்கு பக்கமும் ஸ்பாஞ்ச் சுற்றினேன். குழந்தையைத் துணியில் சுற்றுவது போலத்தான்.

கன்ட்ரோலரின் சூட்டை அளக்க மெல்லிய கம்பி ஒன்று உண்டு. சூடு எல்லை மீறினால் அது தகவல் சொல்லும். உடனே கன்ட்ரோலர் மின்சாரத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அவ்வளவு நுட்பமான கம்பியைச் சூட்டில் போட எனக்கு மனம் வரவில்லை. மல்லிகை வாடாமலிருக்க வண்டியின் முன்கூடையில் ஐஸ் பை வைக்கப்போவதாகக் குமுதா சொல்லியிருந்தார். கம்பியை அந்தக் கூடை வரை நீட்டிவிட்டேன். ஐஸ் பையின் பக்கத்தில் அதற்கு இதமாக இருந்திருக்கும்.

காற்று வேண்டும் என்று நாகையா அண்ணன் அடிக்கடி சொல்வார். அதையும் நான் மறக்கவில்லை. பட்டறையில் அதே மாதிரி பழைய சீட் ஒன்று கிடந்தது. அதன் அடித்தட்டில் ஒரு துளை போட்டேன். மாப்பிள்ளை நிமிர்ந்து கம்பீரமாக உட்கார வேண்டும் என்பதற்காக உள்ளே இருந்த மெத்தையையும் பெருமளவு எடுத்துவிட்டு, வண்டியின் நல்ல சீட்டுக்குப் பதிலாக இதை மாட்டினேன். துளை, மாப்பிள்ளை உட்காரும் இடத்துக்கு நேர் கீழே அமைந்தது தற்செயல். இரண்டு முறை அளந்துதான் போட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் குமுதா வந்து வண்டிச் சட்டம் முழுக்கச் செவ்வந்தி சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு உள்ளே எது இருக்கிறது, எது இல்லை என்று நாகையா அண்ணனுக்குக்கூடத் தெரிய வாய்ப்பில்லை.

மோட்டார் சைக்கிள் வேகமாகப் போனால் காற்று அடிக்கும், சீட்டுக்கு அடியில் இருந்தாலும் கொஞ்சம் தாங்கும். ஆள் நடக்கும் வேகத்தில் பாரத்தோடு நகர்ந்தால் சூடு மட்டும்தான் மிஞ்சும். குறிப்புத்தாளில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே உறுமி மேளக் குழுத் தலைவர் கன்னையாவிடம் போய், "கல்யாணம் ஒரு தடவைதான். மெதுவா அடிங்க, மெதுவா போகட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். அவர், "ஓகே அங்கிள், நீங்க சொன்னா சரி லா" என்றார். அப்போதுதான், கோயிலிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போகாமல் தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றிவரும்படியும் சொன்னேன்.

முதல் சுற்றில் குகன் எல்லோருக்கும் கையசைத்தார். இரண்டாம் சுற்றில் கையசைப்பது நின்றது. முதலில் வலப்பக்கமாகச் சற்றே தூக்கி உட்கார்ந்தார், பிறகு இடப்பக்கமாக. பிறகு மாற்றி மாற்றி. தாளத்துக்குச் சரியாகப் பொருந்தியதால் மாப்பிள்ளை ஆடுகிறார் என்று கன்னையா நினைத்து அடியை ஏற்றினார். தங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். "மச்சான் செம்ம மூட்ல இருக்காரு லா" என்று ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும்.

ஓரமாக மோட்டார் சைக்கிளில் போன மலாய்க்காரப் பையன் நிறுத்தி, குகனிடம், "அபாங், ஓகே கா?" என்று அக்கறையோடு கேட்டான். பிறகு என்னிடம் திரும்பி, "பாக்சிக், தெப்பி சிக்கிட்" என்றான். அவர் 'அபாங்', அதாவது அண்ணன்; நான் 'பாக்சிக்', அதாவது அங்கிள், அதுவும் கொஞ்சம் ஓரமாகப் போக வேண்டிய அங்கிள். மலாயிலும் முடிவு செய்துவிட்டார்கள்.

மண்டப வாசலுக்கு வரும்போது குகன் கால் மிதிகளில் எழுந்து நின்றபடி வந்தார். பெரியவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். சீதாலெட்சுமி அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னே வந்தார். அந்த நேரத்தில் குகன் வண்டியிலிருந்து குதித்து, வாசலில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பெரிய பித்தளை உருளிக்குள், பூ மிதக்கும் தண்ணீரில், பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம் கேட்டதாகச் சிலர் சொல்வது மிகை. ஆனால் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் இதுவரை எந்த மாப்பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை. சீதாலெட்சுமி அம்மா ஒரு கணம் தயங்கினார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் உருளியில் உட்கார்ந்திருந்தவருக்கே ஆரத்தி சுற்றினார். உள்ளேயிருந்து விஷ்ணுப்ரியாவின் சிரிப்பு கேட்டது. நல்ல பெண்.

"மாப்பிள்ளை உட்காருங்கோ" என்று குருக்கள் சொன்னதும், "சாமி, நின்னுக்கிட்டே பண்ண முடியாதா?" என்று குகன் கேட்டதும், முட்டி போட்டபடியே தாலி கட்டியதும் தாங்கள் அறிந்தவை. வேட்டியின் பின்னால் சீப்புப் பல் போல வரிவரியாக இருந்த பழுப்புக் கறையை எல்லோரும் பார்த்தார்கள். டாக்டர் களிம்பு கொடுத்து, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொன்னதாக அறிந்து ஆறுதலடைந்தேன்.

பந்தி நடக்கும்போது நான் சாப்பிடவில்லை. வண்டியை மண்டபத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கன்ட்ரோலர் ஆறியதும் செவ்வந்தியை விலக்கிப் பழைய இடத்திலேயே மாட்டி, பூவை மறுபடி சுற்றிவிட்டேன். தகடு, வெள்ளைப் பசை, கம்பி, வயர் எல்லாம் நாகையா அண்ணன் வைத்தபடியே. நல்ல சீட்டையும் முன்யோசனையாகக் காரில் கொண்டுவந்திருந்தேன். அதனால்தான் மாலையில் பூவைப் பிரித்துப் பார்த்த நாகையா அண்ணனுக்கு ஒரு குறையும் கண்ணில் படவில்லை. எதிலும் குறை இல்லாததுதான் அவரை உடைத்துப் போட்டது. தன் கைவேலையில் தப்பு தெரிந்தால் அவர் திருத்திவிடுவார். தப்பே தெரியாமல் ஒருவர் வெந்துபோனால் அவர் என்ன செய்வார்?

அந்த ஒன்றை நான் யோசிக்கவில்லை. குகன் சில நாள் நிற்கலாம்; இளம் உடம்பு. நாகையா அண்ணன் லோரி ஓட்டக்கூடாது. ஆகவே எழுதுகிறேன்: மாப்பிள்ளையின் சீட்டைச் சூடாக்கியவன் நான். தெரிந்து, அளந்து, துளை போட்டுச் செய்தேன். நாகையா அண்ணன் மாட்டிய கன்ட்ரோலரை நம்பித் தாங்கள் எந்த நாளும் வண்டியில் உட்காரலாம்.

எப்படி நடந்தது என்று மட்டும்தான் தாங்கள் கேட்டீர்கள். ஏன் என்று கேட்கவில்லை, ஆகவே அது இந்தக் கடிதத்தில் அடங்காது. ஆனால் அந்த மதியச் சாப்பாட்டுக்கும் இதற்கும் யாராவது முடிச்சுப் போடக்கூடும் என்பதால் சொல்கிறேன். எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சொல்லுக்காகக் கன்ட்ரோலரை இடம் மாற்றுகிற வயதை நான் கடந்துவிட்டேன்.

நாகையா அண்ணன் இப்போது வாசலில் நிற்கிறார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போவதால் தானே தங்கள் வீட்டுக் கடிதப்பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். "எழுதிட்டியா சுகு? நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். "இதுக்கு நான் போட்டாலே போதும் அண்ணே" என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. என்னைப் போல ஒரு தம்பி கிடைக்க மாட்டான் என்றார். மறுக்க நேரமில்லை.

உறையில் பெறுநர் இடத்தில் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதியாகிவிட்டது. அனுப்புநர் இடத்தில் என் பெயரை எழுதிய பிறகு வரியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. கிள்ளானில் சுகுமாறன்கள் பலர் இருக்கிறார்கள், குழப்பம் வரக்கூடாது. ஆகவே 'சுகுமாறன் அண்ணன்' என்று முழுமையாக எழுதி, அடியில் கோடிட்டு, உறையை ஒட்டி அவர் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சுகுமாறன் அண்ணன்