ஏழாம் வகுப்பில் பத்துப் பேர்

காலையிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல இருக்கிறது. நாற்காலியின் குற்றமில்லை. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்த தோள் அது. அசைத்தாலும் வலிக்கும், அசைக்காவிட்டாலும் வலிக்கும். சுத்தியலைப் போட்டுவிட்டுச் சாக்பீஸ் பிடிக்க நான் பட்ட பாட்டை இப்போது சொல்ல வரவில்லை. உங்கள் ஃபைலுக்கு அது வேண்டாத கதை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. எல்லைக் கல் நட்டாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது, நாம் இந்தப் பக்கம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். தமிழ்ப் பிரிவு நடக்கும் பள்ளிகளின் பழைய பரீட்சைத் தாள் கட்டுகளையெல்லாம் பிரித்துப் பார்க்கிறீர்கள். ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஏழாம் வகுப்புக் கட்டில், யசோதா என்ற பெண்ணின் கணக்குத் தாளில் உள்ளே இருக்கும் ஏடுகள் மட்டும் வெளுப்பாக இருக்கின்றன, ஏன் என்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு. இரண்டு வருஷமாக எந்த இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளி வடமாலபேட்டைக்குக் கிழக்கே இரண்டு மைல். போர்டு பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. ஒவ்வொரு பங்குனியிலும் ஆண்டு விழா நடக்கும். யுகாதிக்குத் தாலுகா ஆசிரியர் சங்கம் பள்ளிச் செய்திகள் என்று நாலு பக்கம் சைக்ளோஸ்டைல் செய்து அனுப்பும். எந்த ஊரில் யார் ஓட்டத்தில் முதல், எங்கே புதுக் கூரை போட்டார்கள், யார் பரிசு வாங்கினார்கள், எல்லாம் அதில் வரும். எங்கள் பள்ளிச் செய்தியை எழுதுவது நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

ஐம்பத்தெட்டு யுகாதித் தாளில் நான் எழுதியது இது: 'ஃபிர்க்கா கணக்குப் போட்டியில் பதினான்கு பள்ளிகள் கலந்துகொண்டதில், எம் பள்ளி ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு மாணவி மு. யசோதா முதல் பரிசு பெற்றாள்.' ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு பித்தளைச் சொம்பு கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டர் நாராயணசாமி நாயுடு தெலுங்கர்தான், ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினார். கல் குவாரியிலிருந்து நேராக வந்திருந்த அவள் அம்மா மணியம்மா, கடைசி வரிசையில் தலையெல்லாம் கல்மாவுடன் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதிய செய்தித் தாளில் ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எட்டாவது தேறினால் திருப்பதியில் பெண்களுக்கான டிரெய்னிங் பள்ளியில் இடம் கிடைக்கும், மாதாமாதம் உபகாரச் சம்பளம் உண்டு, முடித்தால் டீச்சர் வேலை. இதை அவள் அப்பா முனிரத்தினத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவனுக்கு அப்போதே கல்மாவு நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமுவான்.

"ரெண்டு வருசம் உட்டுத் தரேன் சார். எட்டாவது முடிச்சா டீச்சராவட்டும். நடுவுல நின்னா சுத்தியலத் தூக்கினு என் கூட வந்துடணும். அதுக்கு மேல என் நெஞ்சு தாங்காது," என்றான்.

"ஃபெயிலா, உன் பொண்ணா? நான் ஜவாப்தாரி," என்றேன் நான். சாட்சிக்கு வேறு யாரும் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது இருந்தால்தான் அந்த வகுப்பைத் தமிழில் நடத்தலாம் என்று உத்தரவு. அந்த வருஷம் ஏழாவதில் பதினொரு பேர், ஆறாவதில் ஒன்பது பேர். எல்லாரையும் பாஸ் போட்டுவிட்டால் எட்டாவதில் பதினொன்று, ஏழாவதில் ஒன்பது. ஏழாவது போய்விடும். ஏழாவதில் ஒருவரை நிறுத்திவைத்தால் எட்டாவதில் பத்து, ஏழாவதில் பத்து. இரண்டும் நிற்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம். ஒன்பது பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழி. தராசில் வைத்துப் பார்த்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாளில் ஊர் ஊராகத் தமிழர் தலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் எண்ணினேன். அவ்வளவுதான்.

யாரை நிறுத்துவது என்பதில்தான் புத்தி வேண்டியிருந்தது. சிட்டிபாபு என்று ஒரு பையன். பதினேழாம் வாய்ப்பாடு கேட்டால் வயிறு வலிக்கிறது என்பான். நியாயமாக அவன்தான் ஃபெயில். ஆனால் அவனை ஃபெயிலாக்கினால் மறுநாளே அவன் அப்பா மாட்டை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிடுவார். ஃபெயிலான பிள்ளை திரும்பி வந்து உட்காருவது எங்கள் பக்கத்தில் கிடையாது. எட்டிலும் இருக்க மாட்டான், ஏழிலும் இருக்க மாட்டான், எண்ணிக்கை குறைந்ததுதான் மிச்சம். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஃபெயில் என்று சொன்னாலும், அடித்தாலும், பட்டினி போட்டாலும், திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்காரக்கூடியது ஒரே ஒரு பிள்ளை. அதனால் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், வீட்டில் உட்கார்ந்து செய்தேன். பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். வெளி ஏட்டில் மூன்று கணக்கு இருந்தது. அதைத் தொடவில்லை. உள்ளே இருந்த ஏழு கணக்கையும் வேறு தாளில் அவள் கையெழுத்தில் எழுதினேன். அவள் எழுத்து என் எழுத்திலிருந்து வந்ததுதான், கஷ்டமில்லை. மடத்தனமான தப்பாக இருந்தால் சந்தேகம் வரும். அதனால் கெட்டிக்காரப் பிள்ளை அவசரத்தில் செய்யும் தப்பாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பழைய ஏடுகளை அடுப்பில் போட்டுவிட்டேன். வெளி ஏட்டில் விடைக்கு அடியில் கோடு போடவில்லை என்று இரண்டு மார்க் பிடித்தேன். இருபத்தெட்டு. முப்பத்துநாலு போட்டிருந்தால் ஒரு மார்க் கருணை கேட்டு வந்து நிற்பார்கள்.

ரிசல்ட் ஒட்டிய அன்று தாயும் மகளும் வந்தார்கள்.

"இன்னா சார் இது, கணக்குலயா ஃபெயிலு?" என்றாள் மணியம்மா. "வாரக் கூலி எவ்ளோன்னு மேஸ்திரி சொல்றதுக்கு மின்ன இது சொல்லிடுமே. வேற பேப்பரு மாறிக்கினு வந்துட்சா பாருங்க."

"மாறியிருந்தா நீயே பாரும்மா," என்று தாளை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துதான் அந்த ஏழு கணக்கையும் அப்படி எழுதியிருந்தேன்.

யசோதா நின்றபடியே படித்தாள். உதடு அசைந்தது. இரண்டாம் பக்கம் திருப்பினாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள்.

"பதினேழு எட்டு நூத்தி முப்பத்தாறு சார். நான் நூத்தி இருவத்தாறுன்னு போட்டுக்கீறேன்."

"ஆமாம்."

"இங்க வட்டிய அசல்ல கூட்டாமயே உட்டுட்டுக்கீறேன்."

"ஆமாம்."

"இப்படிப் போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"பரபரப்பா இருந்தா அப்படித்தான். போட்டது தெரியாது."

அவள் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் சற்று வேர்த்தது. பிறகு தாளைத் தாழ்த்தி, "என் கையெழுத்துதாம்மா," என்றாள்.

"சொம்பு வாங்கின அன்னிக்கே கண்ணு பட்டுட்சி," என்றாள் மணியம்மா. "ஊரே பார்த்துச்சே. கிளம்பு, உங்க நைனாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

முனிரத்தினம் அன்று அவளை அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மணியம்மா மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து, இன்னும் ஒரு வருஷம் வாங்கித் தந்தாளாம். நான் கணக்குப் போட்டபடியே ஜூன் மாதம் முதல் நாள் யசோதா வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் ஒன்பது பேர் நடுவில் ஒரு தலை உயரமாக. சிட்டிபாபு எட்டாவதிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, இன்னும் இங்கியே கீறியா?" என்றான். அவனை வெளியே நிறுத்திப் பிரம்பால் இரண்டு போட்டேன். என் வகுப்பில் பிள்ளைகளைக் கேலி செய்ய விடுவதில்லை.

அந்த வருஷம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவளுக்குக் கணக்கு வராமல் போயிற்று. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. போட்டுவிடுவாள். போட்டபிறகு விடையை நம்பமாட்டாள். அழித்துவிட்டு மறுபடி போடுவாள். அதே விடை வரும். அப்போதும் நம்பாமல் விரல்விட்டு எண்ணுவாள். பலகையில் எழுதச் சொன்னால் சாக்பீஸை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். "சரியா சார்? சரியா சார்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பாள். ஒருநாள் எரிச்சல் வந்து, "உனக்கே தெரியாதா?" என்றேன். "எனக்குத் தெரியறதுதான் சார் தப்பாப் பூடுது," என்றாள்.

ஐம்பத்தொன்பது ஏப்ரலில் பத்துக் கணக்கில் மூன்றை மட்டும் எழுதியிருந்தாள். மூன்றையும் நாலு நாலு தடவை போட்டு அடித்து, எது விடை என்றே தெரியவில்லை. இருபது மார்க். அந்தத் தாளையும் எடுத்துப் பாருங்கள், எல்லா ஏடும் ஒரே வெளுப்பு. நான் ஒரு மார்க்கும் குறைக்கவில்லை. தூக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அது அநியாயம் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் கீழ் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவள் இல்லாமலே எண்ணிக்கை தேறியது. அந்த யுகாதித் தாளில் எங்கள் செய்தி: 'எம் பள்ளியில் தமிழ் ஏழாம் வகுப்பு குறைவின்றி நடைபெறுகிறது.' அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் இப்போது கல் குவாரியில் இருக்கிறாள். முனிரத்தினம் போன ஐப்பசியில் போய்விட்டான். இந்தப் பங்குனியில் நான் சைக்கிளில் திருப்பதி ரோட்டில் போகும்போது, வார அளவு நடந்துகொண்டிருந்தது. ஜல்லியை மரப் பெட்டியில் கொட்டி அளப்பார்கள், பெட்டிக்கு இத்தனை என்று கூலி. அளந்து எழுதுபவன் யார் என்று நினைக்கிறீர்கள், சிட்டிபாபு. எட்டாவது தேறிய பையன் என்று கண்டிராக்டர் அவனைக் கணக்குப்பிள்ளையாக வைத்திருக்கிறார். புங்க மரத்து நிழலில் நின்று நானும் பார்த்தேன். பழக்கம், தானாகவே எண்ணினேன். யசோதா உடைத்தது ஒன்பது பெட்டி. சிட்டிபாபு, "ஏழு," என்று எழுதினான்.

யசோதா என்னைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்து எழுந்து நின்றாள்.

"சார், நீங்க பார்த்துக்கினுதானே இருந்தீங்க. எனக்கு ஒம்பதுன்னு வர்து. எனக்கு வர்து எப்பவும் தப்பாத்தான் இருக்கும். ஏழுதானே சார்?"

சிட்டிபாபு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தான். வழியில் போகிறவன் கண்டிராக்டர் விவகாரத்தில் வாயை வைப்பது நல்லதில்லை.

"ஏழுதான்," என்றேன்.

"அதான் பார்த்தேன்," என்று உட்கார்ந்து அடுத்த கல்லை எடுத்தாள்.

தமிழுக்காகச் செய்தேன் என்று உங்களிடம் சொன்னேன். பலரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால். பத்துப் பேர் வேண்டும் என்ற அதே உத்தரவில் அடுத்த வரி ஒன்று உண்டு, நீங்கள் படித்திருப்பீர்கள். வகுப்பில் பத்துப் பேர் இல்லாவிட்டாலும், பள்ளி முழுவதும் சேர்த்து நாற்பது பேர் இருந்தால் போதும். எங்களிடம் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் நாயுடுவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏமய்யா கோவர்த்தனம், எதுக்குப் பயப்படுறே? உங்க தமிழ் எங்கேயும் போகாது. ஒன்பது பேரையும் எட்டாவதோட ஒரே ரூம்ல வெச்சு சீனியர் வாத்தியார் நடத்துவார். ஒரு போஸ்ட் குறையும், அவ்வளவே. குடுபல்லியில தமிழ் போஸ்ட் காலி. மூணு வருஷம் இருந்துட்டு வா."

குடுபல்லி ஜில்லாவின் மறுகோடியில், குப்பத்துக்கும் அப்பால். நான் அந்த மாசிதான் வீட்டுக்கு ஓடு மாற்றியிருந்தேன். கிணற்றில் தண்ணீர் நன்றாக இருந்தது. தனியாகப் போய்ப் பொங்கித் தின்ன எனக்கு மனம் இல்லை. அது வேறு விஷயம். இதோடு அதைக் கலக்க வேண்டியதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தாளை மாற்றியது நான். அடுப்பில் போட்ட ஏடுகளில் ஏழு கணக்கும் சரி. பதினெட்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு தாளை நான் திருத்தியதில்லை, நூற்றுக்கு நூறு. அதில் இருபத்தெட்டைக் கொடுத்துவிட்டேன். மீதி எழுபத்திரண்டு மார்க் நான் அவளுக்குப் பாக்கி.